செங்கல்லில் எழுந்த நாடக மேடை

நுழையும்முன்

நாடகம் முடிந்தவுடன் வேடமும் வசனமும் மறைந்துவிடுகின்றன. மேடை மட்டுமே எஞ்சுகிறது. அம்மேடையைத் தாங்கிய கட்டடமும் அழியுமாயின் கலை வரலாற்றின் கண்கூடான சான்று ஒன்று இல்லாது போகும். சென்னை விக்டோரியா பொது மண்டபம் தோன்றிய வரலாற்றையும், அது சிதைவிலிருந்து மீட்கப்பட்ட முறையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சென்னை சென்ட்ரல் தொடர்வண்டி நிலையத்திலிருந்து வெளியே வந்து மேற்கே நோக்குபவர்க்கு, வெண்ணிற ரிப்பன் மாளிகைக்கு அருகே செந்நிறக் கட்டடம் ஒன்று தென்படும். அதுவே விக்டோரியா பொது மண்டபம். நகர மக்கள் கூடுவதற்குப் பொதுவிடம் வேண்டும் என்னும் எண்ணத்தால் 1883இல் விசயநகரம் அரசர் இதற்கு அடிக்கல் நாட்டினார். கட்டடக்கலைஞர் இராபர்ட் சிசோம் வரைந்த வடிவத்திற்கு ஏற்ப, ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார் 1888 முதல் 1890 வரை இதனைக் கட்டி முடித்தார். விக்டோரியா அரசியின் ஆட்சிப் பொன்விழாவையொட்டி அவர் பெயர் சூட்டப்பெற்றது. பெயர் அரசிக்கு உரியதாயினும் புகழைத் தேடித் தந்தவர்கள் நாடகக் கலைஞர்களே.

நாடகம் புகுந்த மண்டபம்

அக்காலத்தில் படித்தவர்கள் நாடகத்தில் நடிப்பதை இழிவாகக் கருதினர். ஊர்ப்புறங்களில் தெருக்கூத்து விடிய விடிய நடைபெற்றது. அதனைக் கண்டு மகிழ்ந்தவரும் தம் பிள்ளைகள் வேடமிடுவதை விரும்பவில்லை. இந்நிலையில் 1891இல் பெல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் குழு சென்னையில் நடத்திய தெலுங்கு நாடகங்கள், கல்லூரி மாணவராக இருந்த பம்மல் சம்பந்தரின் உள்ளத்தை மாற்றின. அதே ஆண்டில் அவர் நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். வழக்கறிஞர்களும் அலுவலர்களும் அதில் வேடமேற்றனர். பெண் வேடங்களையும் ஆடவரே தாங்கினர். அவர்களுள் ரங்கவடிவேலு பெரும்புகழ் பெற்றவர். பின்னாளில் நீதிபதியாகவும் பணியாற்றிய சம்பந்தனார் மேடையை விட்டு விலகவில்லை. அவர் எழுதிய 'மனோகரா' 1954இல் திரைப்படமாகவும் வெளிவந்தது.

சபை பல்லாண்டுகள் இம்மண்டபத்திலேயே இயங்கி, 1936இல் மவுண்ட் ரோடுக்கு இடம்பெயர்ந்தது. சென்னையின் தொடக்ககாலச் சலனப்படக் காட்சிகளும் இங்கு நடைபெற்றன. 1897இல் விவேகானந்தர் இங்கு உரையாற்றினார்.

பூட்டிய கதவும் புதுப்பித்தலும்

மண்டபம் அமைந்த நிலம் மாநகராட்சிக்கு உரியது. 99 ஆண்டுகளுக்குக் குத்தகையாக விடப்பட்டிருந்தது. குத்தகை முடிந்ததும் உரிமை குறித்து வழக்கு எழுந்தது. கட்டடம் மாநகராட்சியின் கைக்கு வந்த பின்னரும் நெடுங்காலம் பயனின்றிக் கிடந்தது. ஆளில்லாத கட்டடத்திற்கு முதற்பகை மழைநீரே. கூரையில் ஓர் ஓடு விலகினால் அதன் வழியே இறங்கும் நீர் உத்திரத்தை உளுக்கச் செய்யும். சுவரின் இடுக்கில் முளைக்கும் ஆலங்கன்றின் வேர் செங்கற்களைப் பிளக்கும்.

2023இல் சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தின்கீழ், ஏறத்தாழ 32 கோடி ரூபாய் மதிப்பீட்டில் மறுசீரமைப்புப் பணி தொடங்கியது. பழமையான கட்டடத்தைச் சீரமைப்பது புதிய கட்டடம் எழுப்புவதைவிடக் கடினமானது. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளியே விடும்; சிமெண்டுப் பூச்சோ ஈரத்தைச் சுவருக்குள்ளேயே அடைத்துவிடும். அவ்வீரத்தில் கரைந்துள்ள உப்பு, செங்கல்லின் மேற்பரப்பை உதிர்த்துவிடும். ஆதலால் பழைய சுவருக்குச் சிமெண்டு பூசி விரைவாக வேலையை முடிப்பது பாதுகாப்பன்று. அழிவைச் சற்றுத் தள்ளிப்போடுவதே ஆகும். நீற்றிய சுண்ணாம்பு, மணல் ஆகியவற்றுடன் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைப்பது நம் கொத்தனார்களின் மரபு. காவிரிக்கரை ஜேடர்பாளையத்துக் கரும்பாலைகளில் காய்ச்சும் வெல்லத்தைப் பொங்கலுக்கு உரியதாக மட்டுமே அறிந்தவர்க்கு, அப்பொருள் சுவருக்கும் உறுதி தரும் என்பது வியப்பளிக்கலாம்.

சேலத்தில் எஞ்சிய வளைவு

இத்தகைய வாய்ப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கிட்டுவதில்லை. திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம், சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் படப்பிடிப்பு நிலையத்தை நிறுவினார். நூற்றுக்கும் மேற்பட்ட திரைப்படங்கள் அங்கு உருவாயின. படப்பிடிப்புத் தளங்கள் இன்று இல்லை. அங்குப் பணிபுரிந்தோரைப் பற்றிப் பேச முற்படுபவர் காட்டக்கூடியது, சாலையோரம் தனித்து நிற்கும் நுழைவாயில் வளைவு ஒன்றே.