பழைய மாளிகையும் புதிய அலுவலகமும்

நகரத்தின் நடுவே பழைய மாளிகையொன்று நிற்க, அதனைச் சூழ்ந்த நிலத்திற்கு விலை ஏறுங்கால், அதை இடித்து அலுவலகம் எழுப்பினால் என்ன என்னும் வினா எழுதல் இயல்பே. விடை தேடிச் சேய்மை நாடுகளுக்குச் செல்ல வேண்டுவதில்லை. நம் மதுரைத் திருமலை நாயக்கர் மகாலே தக்க பாடமாகும்.

1623 முதல் 1659 வரை ஆண்ட அம்மன்னர் எடுப்பித்த அரண்மனையின் பெரும்பகுதி இன்று இல்லை. அதனைச் சிதைத்தவர் பகைவரல்லர். அவர்தம் பேரர் சொக்கநாத நாயக்கரே திருச்சிராப்பள்ளியில் தமக்கு மாளிகை அமைக்கும்பொருட்டு இதன் பகுதிகளைப் பெயர்த்துச் சென்றனர். தொழிலிழந்த கட்டிடம் பிறர் கண்ணுக்கு வெறுஞ் செங்கற் குவியலாகவே தோன்றும் போலும்! எஞ்சிய பகுதியை, 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு செப்பனிடுவித்தார். 1970 வரையில் ஜில்லா நீதிமன்றம் ஆங்கு நடைபெற்றது. எழுமலை, உசிலம்பட்டிப் பக்கத்துக் குடியானவர்க்கு மகால் என்பது நெடுங்காலம் காட்சிப்பொருளன்று, வழக்கு நடக்குமிடம்.

பலர் கூடியிருந்து கேட்டற்குரிய மன்றம் பெருமண்டபத்திற்கு ஏற்ற தொழிலே. இக்காலத்து அலுவலகத்தின் தேவைகளோ வேறு: சிற்றறைகள், மின்கம்பிகள், குளிர்சாதனம், மின்தூக்கி, மலைபோற் குவியும் காகிதக் கட்டுகள். இவற்றையெல்லாம் பழஞ்சுவரின்மேல் ஏற்றுவோமாயின் அது தாங்காது. ஆதலின் கனமானவற்றையும் நீர்க்குழாய்களையும் அருகே எழுப்பும் புதுக்கட்டிடத்தில் வைத்து, கூட்டம், நூலகம், வருவோரை வரவேற்றல் ஆகியவற்றைப் பழையதற்கு விடுதலே முறை. இரண்டையும் ஒட்டிக் கட்டலும் ஆகாது. பழைய அடித்தளம் பல்லாண்டுகட்கு முன்னரே அமிழ்ந்து நிலைத்துவிட்டது. புதியது இனித்தான் அமிழவேண்டும். இடையே சிறிது வெளி விடாவிடின் சுவர் பிளக்கும்.

மற்றொன்று, சிமிட்டி. சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும் இயல்பினது. அதன்மேற் சிமிட்டி பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்க, உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். அழகுபடுத்துவதாக எண்ணிச் செய்யும் இப்பிழையால் கெட்ட சுவர்கள் பல.

சென்னைச் சேப்பாக்கத்தில் ஆர்க்காட்டு நவாபின் கலச மகால் உளது. அரசு அலுவலகங்கள் பல நிறைந்திருந்த அம்மாளிகை 2012 ஜனவரியில் தீப்பற்றியது. தீயணைப்புத் துறையினர் ஒருவர் உயிர் நீத்தார். கூரை போயிற்று, எனினும் அதனை இடித்துவிடாது, சுண்ணாம்புக் காரையும் தேக்கு உத்திரமும் கொண்டு பண்டை முறையிற் செப்பனிட்டனர். காகிதக் கட்டுகள் திரும்பி வந்து அடையவில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு ஆங்கு இடம்பெற்றது. மதுரை மகாலிற் போலவே அங்கும் ஒரு வழக்குமன்றமே குடிபுகுந்தது.