அப்பாவுக்கு மட்டும் தெரியாத ஸ்டேட்டஸ்

மே மாதம் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் அன்று தமிழ்நாட்டில் யாருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் திறந்தாலும் மதிப்பெண் பட்டியல்தான். பிள்ளை போட்டதை அம்மா எடுத்துப் போடுவார், அம்மா போட்டதைச் சித்தப்பா குடும்பக் குரூப்பில் போடுவார், சாயங்காலத்துக்குள் டியூஷன் சென்டர் அதை நோட்டீஸாகவே அடித்துவிடும். பெயர், பிறந்த தேதி, பதிவெண், பள்ளி என எல்லாம் அதில் இருக்கின்றன. தேர்வு முடிவு தளத்தில் ஒருவரின் மதிப்பெண்ணைப் பார்க்கக் கேட்பதே பதிவெண்ணும் பிறந்த தேதியும்தான். அந்த இரண்டையும் ஊருக்கே கொடுத்தாயிற்று.

பதின்ம வயதுப் பிள்ளைகள் சொந்த விஷயங்களை இணையத்தில் கொட்டுகிறார்கள் என்று பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். கவலை நியாயமானது. ஆனால் அதைச் சுற்றி இரண்டு தரப்பும் நம்பிக்கொண்டிருக்கும் சில விஷயங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றாது, மேலும் மாட்டிவிடும்.

நம்பிக்கை: இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதை வெளியே சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்றே தெரியாது.

நன்றாகத் தெரியும். ஆனால் அவர்கள் மறைப்பது நம்மிடமிருந்து. ஸ்டேட்டஸ் போடும்போது அப்பா, பெரியப்பா, கிளாஸ் டீச்சர் எண்களை மட்டும் விலக்கிவிட்டுப் போடத் தெரியாத பதினைந்து வயதுப் பிள்ளையைக் கண்டுபிடிப்பது கஷ்டம். சொந்தக்காரர்கள் பார்ப்பதற்கு ஓர் இன்ஸ்டா ஐடி, கூட்டாளிகளுக்கு இன்னொன்று. ஒரு பாட்டை மட்டும் ஸ்டேட்டஸாக வைத்தால், அது யாருக்காகவோ அந்த ஒருத்தருக்குப் புரியும். அத்தை ‘நல்ல பாட்டு’ என்று கைகூப்பும் பொம்மை அனுப்புவார்.

இது நம்மூர்ச் சாமர்த்தியம் மட்டும் இல்லை. பதின்ம வயதினரிடம் பல ஆண்டுகள் பேசி அமெரிக்க ஆய்வாளர் டேனா பாய்ட் 2014-இல் வெளியிட்ட ‘இட்ஸ் காம்ப்ளிகேட்டட்’ நூல் இதைப் பற்றி விரிவாகவே பேசுகிறது. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, ஃபேஸ்புக்கில் இருந்த பதின்ம வயதினரில் 60 விழுக்காட்டினர் கணக்கைப் பூட்டியே வைத்திருந்தார்கள். சமூக ஊடகங்களில் இருந்த பதின்ம வயதினரில், வேண்டியவர்களுக்கு மட்டும் விளங்கும்படி பூடகமாக எழுதுவதாகச் சொன்னவர்கள் 58 விழுக்காடு.

அப்படியானால் கோளாறு எங்கே? வீட்டாரிடம் காட்டும் ஜாக்கிரதையில் கால்வாசியைக்கூட முன்பின் தெரியாதவர்களிடம் காட்டுவதில்லை. அப்பா திட்டுவார் என்பது பிள்ளை பட்டறிந்த விஷயம். தெரியாதவன் ஏமாற்றுவான் என்பது எங்கோ யாருக்கோ நடந்த செய்தி. பட்டது மனதில் நிற்கிறது, படித்தது நிற்பதில்லை.

நம்பிக்கை: பேரும் பிறந்த நாளும் என்ன பெரிய ரகசியமா?

தனித்தனியாக எடுத்தால் ரகசியம் இல்லைதான். கணினி அறிவியலாளர் லதான்யா ஸ்வீனி 2000-இல் ஒரு கணக்குப் போட்டார். அஞ்சல் குறியீட்டு எண், ஆணா பெண்ணா, முழுப் பிறந்த தேதி என்ற மூன்று மட்டும் கையில் இருந்தால், அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனி ஆளாக அடையாளம் கண்டுவிடலாம் என்று வந்தது. பெயரே தேவைப்படவில்லை.

நம் பக்கம் வருவோம். இணையத்தில் இறக்கும் ஆதார் பிடிஎஃப்பைத் திறக்கும் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும். மின்-பான் அட்டைக்குப் பிறந்த தேதியே கடவுச்சொல். கல்லூரி விண்ணப்பத்துக்காக இந்தக் கோப்புகளை ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம், கோப்பு அந்தக் கடைக் கம்ப்யூட்டரிலேயே கிடக்கிறது. இன்ஸ்டாவிலோ ராத்திரி 12 மணிக்கு ‘ஹேப்பி சிக்ஸ்டீன்த் மச்சி’ என்று பத்துப் பேர் படம் கோத்துப் போட்டிருப்பார்கள். தேதியும் தெரிந்தது, வயதைக் கழித்தால் ஆண்டும் தெரிந்தது. பிள்ளை தானாக ஒரு வரிகூட எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். நம் விவரத்தில் பாதியை வெளியே விடுவது நம்மீது பிரியமுள்ளவர்கள்தான்.

உதவித்தொகை வந்திருக்கிறது என்று பெற்றோருக்கு வரும் மோசடி அழைப்புகள் நம்பும்படி இருப்பதற்கும் காரணம் இதுவே. ‘உங்க பொண்ணு இந்த ஸ்கூல்தானே, இவ்வளவு மார்க்குதானே’ என்று எதிர்முனையில் சரியாகச் சொன்னால், அரசு அலுவலகத்திலிருந்து பேசுகிறார்கள் என்று நினைக்காமல் என்ன செய்வோம்? ரயில் டிக்கெட்டைப் படம் எடுத்து ‘ஊருக்குப் போறோம்’ என்று போடுவதும் இந்த ரகம். அதிலுள்ள பத்து இலக்க பிஎன்ஆர் எண்ணைத் தட்டினால் எந்த வண்டி, எந்தப் பெட்டி, எந்த இருக்கை என்பது யாருக்கும் கிடைக்கும். வீடு பூட்டியிருக்கிறது என்பது உபரித் தகவல்.

நம்பிக்கை: லொகேஷனை ஆஃப் பண்ணிட்டேன், நான் எங்க இருக்கேன்னு யாருக்கும் தெரியாது.

2019-இல் டோக்கியோவில் ஓர் இளம் பாடகியைப் பின்தொடர்ந்துபோய்த் தாக்கிய ஆள் கைதானான். அவள் இருப்பிடத்தை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று போலீஸ் கேட்டதற்கு அவன் சொன்ன பதில் உலகச் செய்தி ஆனது. அவள் போட்ட செல்ஃபியைப் பெரிதாக்கி, கண்மணியில் விழுந்திருந்த ரயில் நிலையத்தின் பிம்பத்தைப் பார்த்திருக்கிறான். கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் அது எந்த நிலையம் என்று பொருத்திப் பார்த்து அங்கே போய்க் காத்திருந்திருக்கிறான். அறையில் எடுத்த வீடியோக்களில் திரைச்சீலை எங்கே இருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதையெல்லாம்கூட அலசியிருக்கிறான்.

நம் பிள்ளைகளின் படத்தில் கண்மணி வரை போகத் தேவையில்லை. சீருடையும் டையும் பள்ளியைச் சொல்லிவிடும். கழுத்தில் தொங்கும் ஐடி கார்டில் வகுப்பும் ரத்த வகையும் அப்பாவின் போன் நம்பரும் அச்சடித்தே இருக்கின்றன. பின்னால் நிற்கும் பைக்கில் டிஎன் 72 என்றிருந்தால் திருநெல்வேலி. அதற்கு அடுத்த பலகையில் ரேஷன் கடை எண்ணோ தெருப் பெயரோ தெரியும். தினமும் ஆறு மணிக்கு டியூஷன் வாசலில் ஒரு ரீல்ஸ் எடுத்தால் நேரமும் தெரிந்துபோகிறது. ஒரு படம் பெரிதாக எதையும் சொல்லாது. ஒரு மாதத்துப் படங்களைச் சேர்த்துப் பார்க்கிறவனுக்கு டைம்டேபிளே கிடைக்கும்.

படக் கோப்புக்குள் ஒளிந்திருக்கும் இருப்பிடக் குறிப்பு தனி விஷயம். சாதாரணமாகப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதை நீக்கிவிடுகிறது. ‘குவாலிட்டி குறையக் கூடாது’ என்று டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேர்கிறது. தலைமறைவாக இருந்த மென்பொருள் தொழிலதிபர் ஜான் மெக்காஃபி 2012-இல் குவாத்தமாலாவில் இருப்பது வெளியே தெரிந்ததற்குக் காரணம், ஒரு பத்திரிகை வெளியிட்ட படத்தில் இருந்த இந்தக் குறிப்புதான்.

நம்பிக்கை: பிரைவேட் ஐடிதான், எல்லாம் ஃபிரண்ட்ஸ். ஸ்டோரியும் 24 மணி நேரத்துல போயிடும்.

தானாக மறையும் என்ற பேச்சை வைத்தே வளர்ந்த நிறுவனம் ஸ்னாப்சாட். மறைவதாகச் சொல்லப்பட்ட படங்களைப் பல வழிகளில் சேமிக்க முடிகிறது, நிறுவனம் பயனர்களைத் தவறாக நம்பவைத்தது என்று அமெரிக்க வணிக ஆணையம் 2014-இல் அதன்மீது நடவடிக்கை எடுத்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் தெரிந்துவிடும் என்கிறார்கள் பிள்ளைகள். இன்னொரு போனால் திரையைப் படம் எடுத்தால் எந்தச் செயலிக்குத் தெரியும்?

‘ஃபிரண்ட்ஸ்’ என்ற பட்டியல் ஜூனில் ஒன்றாகவும் டிசம்பரில் வேறாகவும் இருக்கும் வயது இது. நட்பு முறிந்த பிறகும் படம் அந்தப் பக்கம் இருக்கும். 2017-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம், இடம் கொடுத்த மாணவர்களில் குறைந்தது பத்துப் பேரின் சேர்க்கையைத் திரும்பப் பெற்றது. அவர்கள் அருவருப்பான கேலிப் படங்களைப் பகிர்ந்தது பொதுவெளியில் இல்லை, ஒரு தனிப்பட்ட ஃபேஸ்புக் குழுவில்.

நம்பிக்கை: சோகமா ஸ்டேட்டஸ் போடறதெல்லாம் சீன்.

இதுதான் எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் நம்பிக்கை. தன்னைப் பற்றிப் பேசுவதே மூளைக்கு இதமளிக்கும் செயல் என்பதை ஹார்வர்டின் டயானா டமிர், ஜேசன் மிட்செல் இருவரும் 2012-இல் காட்டினார்கள். தங்களைப் பற்றிச் சொல்லும்போது, நல்லது கிடைத்தால் கிளர்ச்சியுறும் மூளைப் பகுதிகள் விழித்தன. அப்படிச் சொல்லும் வாய்ப்புக்காகச் சிறு தொகையை விட்டுக்கொடுக்கவும் ஆட்கள் தயாராக இருந்தார்கள். பெரியவர்கள் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் இந்த இதத்தை அனுபவிக்கிறோம். பிள்ளைக்குக் கையில் இருப்பது போன்.

‘வீட்ல யாருக்கும் என்னைப் புரியல’ என்று ஒரு பெண் ராத்திரி பதினொரு மணிக்குப் போடுகிறாள். அம்மா பார்த்தால் ‘என்னடி இது நாடகம்’ என்பார். அதே வரியை இன்னொருவனும் பார்க்கிறான். பிள்ளைகளை வசப்படுத்தித் தவறாகப் பயன்படுத்த நினைப்பவன் தேடுவது அழகான படத்தை என்று நினைக்கிறோம். அவனுக்கு அதைவிட உபயோகமானது இந்த வரி. வீட்டோடு சண்டை, பேச ஆள் இல்லை, இந்த நேரத்தில் விழித்திருக்கிறாள் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. ‘நான் இருக்கேன்’ என்று முதல் மெசேஜ் அனுப்புவது அவனாகவே இருக்கும். அந்த மெசேஜ் வீட்டிலிருந்து போயிருக்க வேண்டியது.

நம்பிக்கை: பையன்தானே, அவனுக்கு என்ன ஆகிவிடும்?

அந்தரங்கப் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு பணம் கேட்டு மிரட்டும் குற்றத்தில் பெரும்பாலும் சிக்குவது 14 முதல் 17 வயது வரையிலான பையன்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ பலமுறை எச்சரித்துவிட்டது. வழி எளிது. பெண் பெயரில் ஒரு கணக்கு வரும், பள்ளி நண்பர்கள் சிலரை ஏற்கெனவே ஃபாலோ செய்திருக்கும், அதனால் சந்தேகம் வராது. பேச்சு வளரும், படம் கைமாறும். அடுத்த நிமிடம் அவனுடைய ஃபாலோயர் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட் வந்து நிற்கும்: ‘பணம் போடு, இல்லைன்னா இவங்க எல்லாருக்கும் போகும்.’ பையன் பூட்டாமல் விட்ட அந்தப் பட்டியல்தான் மிரட்டுகிறவனின் ஆயுதம்.

இந்த இடத்தில் செய்ய வேண்டியவை சில உண்டு. பணம் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் திரும்பக் கேட்பான். பயந்து உரையாடலை அழித்துவிடக் கூடாது, அதுதான் ஆதாரம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு அந்தக் கணக்கைத் தடுக்க வேண்டும். தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930, குழந்தைகள் உதவி எண் 1098. மத்திய அரசின் சைபர் குற்றத் தளத்தில் பெயர் சொல்லாமலும் குழந்தைகள் தொடர்பான புகாரைப் பதியலாம். அமெரிக்காவின் காணாமல் போன குழந்தைகளுக்கான தேசிய மையம் 2023-இல் தொடங்கிய ‘டேக் இட் டவுன்’ என்ற இலவச வசதியும் இருக்கிறது. படம் நம் போனை விட்டு வெளியே போகாது. படத்திலிருந்து உருவாகும் ஓர் அடையாள எண் மட்டும் போகும், அதில் சேர்ந்துள்ள சமூக ஊடகங்கள் அதை வைத்து அதே படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். மறைகுறியாக்கப்பட்ட அரட்டைகளில் இது வேலை செய்யாது.

சட்டம் பிள்ளையின் பக்கம்தான் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் ஆபாசப் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவிலும் போக்சோ சட்டத்திலும் குற்றம். அழிக்காமல் வைத்திருப்பதும் குற்றமாகும் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை ரத்துசெய்துதான் அப்படிச் சொன்னது.

நம்பிக்கை: போனைப் பிடுங்கி வைத்துவிட்டால் தீர்ந்தது.

நண்பன் போனில் இன்னொரு ஐடி திறக்க இரண்டு நிமிடம் போதும். 2025 பிப்ரவரி முதல் இந்தியாவிலும் இன்ஸ்டாகிராம் 18 வயதுக்குக் கீழுள்ளோரின் கணக்குகளைத் தானாகவே பூட்டிய நிலையில் வைக்கிறது. ஆனால் வயதைக் கூட்டிப் போட்டுச் சேர்ந்த பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம், அவசரமாகத் திறக்கும் திருட்டு ஐடியில் உண்மை வயதை யார் போடுவார்கள்? 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது வரை பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. ஒப்புதல் கேட்கப்படும் பெற்றோரே பிள்ளையின் ஐடி கார்டோடு படம் போடுகிறவர்களாக இருந்தால் அந்தச் சட்டம் என்ன செய்யும்? பிரான்ஸ் 2024-இல் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்து, குழந்தையின் படத்துக்கான உரிமையைக் காப்பது பெற்றோரின் கடமை என்று சேர்த்தது. நம் ஊரில் பிள்ளையிடம் ‘இந்தப் படத்தைப் போடட்டுமா’ என்று கேட்கும் பழக்கமே இன்னும் வரவில்லை.

பிடுங்குவதில் இருக்கும் பெரிய தீங்கு இன்னொன்று. மிரட்டல் வந்த அன்று அந்தப் பிள்ளை யோசிப்பது மிரட்டுகிறவனைப் பற்றி மட்டும் இல்லை. வீட்டில் சொன்னால் போன் போகும், அடி விழும், படிப்பை நிறுத்துவார்கள் என்றும் யோசிக்கிறது. மிரட்டுகிறவனும் இதைத்தான் நம்பியிருக்கிறான். ஆகவே பெற்றோருக்கு ஒன்றே ஒன்று: எதுவும் நடப்பதற்கு முன்பே, இன்று ராத்திரி சாப்பிடும்போதே, ‘என்ன தப்பு பண்ணியிருந்தாலும் முதல்ல எங்கிட்ட சொல்லு, போனை வாங்க மாட்டேன், திட்ட மாட்டேன்’ என்று பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். சொன்னபடியே நடந்துகொள்ளவும் வேண்டும்.