கருப்பைவாய்ப் புற்றுநோயைக் காலத்தே கண்டறிதல்

பாவில் ஓர் இழை அறுந்தால் அப்போதே முடிந்துவிட வேண்டும். பல முழம் நெய்த பின் கண்டால் சேலையே பழுதாகிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயும் இத்தகையதே. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3,50,000 பெண்கள் இந்நோயால் மாண்டனர். காலத்தே கண்டால் பெரும்பாலும் தடுக்கக்கூடிய நோய் இது என்பதை அங்கத்தினர்கள் அனைவரும் அறிதல் வேண்டும்.

இதற்குக் காரணம் மனிதப் பாப்பிலோமா வைரஸ் என்னும் நுண்கிருமி. ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன் குழுவினர் 1983, 1984-ஆம் ஆண்டுகளில் இதன் 16, 18 ஆகிய வகைகளைப் புற்றுத் திசுவில் கண்டனர். அவருக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. இக்கிருமி உடலுறவின் வழியே மிகப் பலருக்கும் தொற்றுவது. ஒழுக்கக் குறைவின் அடையாளமன்று. பெரும்பாலோரிடம் ஓரிரண்டு ஆண்டுகளில் தானே நீங்கிவிடுகிறது. சிலரிடம் மட்டும் தங்கி, பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகளில் புற்றாக முதிர்கிறது. தொடக்க நிலையில் வலி முதலிய தொல்லைகள் ஏதும் இராமையால், 'எனக்கு ஒன்றுமில்லையே' என்று வாளாவிருத்தல் தகாது.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவிக் கருப்பைவாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தனர். சோதனை நடந்த பகுதிகளில் இந்நோயால் நேரும் மரணம் 100-க்கு 35 குறைந்ததென 2007-இல் அறிவிக்கப்பட்டது. மகாராஷ்டிரத்து உஸ்மானாபாத் மாவட்டத்தில், கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடும் சோதனையை ஒரே முறை நடத்திய பிரிவில் மரணம் ஏறக்குறையப் பாதியாயிற்றென 2009-இல் வெளியாயிற்று. அம்மாவட்டமே இன்று தாராசிவ் எனப்படுகிறது.

டி.என்.ஏ. என்பது பேரேட்டில் பதிந்த கைநாட்டைப் போன்றது. கிருமி இன்னதென்று காட்டிக்கொடுக்கும். இவ்வகை மூலக்கூறு அடையாளத்தைத் தேடுவதற்குக் கருவியிட்டுப் பரிசோதிக்க வேண்டுவதில்லை. மெல்லிய பஞ்சுக் குச்சியால் பெண்ணே மறைவிடத்தில் மாதிரி எடுத்துத் தரலாம். உலகச் சுகாதார நிறுவனம் இம்முறையை ஏற்றுள்ளது. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை முதல் சோதனைக்குரிய பெண்கள் யாவரும் இவ்வாறு செய்துகொள்ளலாம். சிறுநீரில் கிருமியைத் தேடும் முறையும், செல்லின் டி.என்.ஏ.வில் ஏறும் மெத்தில் குறிகளைக் கொண்டு அபாயம் மிகுந்தோரைப் பிரித்தறியும் முறையும் ஆராயப்பட்டு வருகின்றன.

இங்கு ஒன்றை மறத்தலாகாது. கிருமி உண்டென்றால் புற்று உண்டென்று பொருளன்று. மேற்பரிசோதனை தேவை என்பதே பொருள். புற்றுக்கு முந்திய மாறுதல் காணப்பட்டால், அவ்விடத்தைக் குளிராலோ வெப்பத்தாலோ அழித்துப் பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். மேற்பரிசோதனைக்குச் செல்லாதவருக்கு முதற்சோதனையால் பயனில்லை. மாதவிடாய் நின்றபின் குருதி கண்டாலோ, உறவுக்குப்பின் கண்டாலோ, சோதனை நாளுக்குக் காத்திராமல் மருத்துவரிடம் செல்க. 9 முதல் 14 வயதுச் சிறுமியர்க்குத் தடுப்பூசியும் உண்டு.

தறி நின்றால் கூலி நிற்கும், களையெடுப்பு தவறினால் பயிர் கெடும் என்றே நம் பெண்கள் மருத்துவமனையைத் தள்ளிப்போடுகின்றனர். ஆதலின் நிர்வாகக் குழுவினர் ஆரம்ப சுகாதார நிலையத்தாருடன் கலந்து, வேலை குறைந்த ஒரு நாளைக் குறித்து, 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களை அனுப்பிவைத்தல் நன்று. மேற்பரிசோதனை வேண்டுவோருக்குத் துணையாகச் செல்லவும் ஒருவரை நியமிக்கலாம். கடன் தவணையை நாள் தவறாது கேட்கும் சங்கம், இத்தவணையையும் நினைவூட்டுமாக!