புரட்டாசியிலேயே மாடி ஏறுங்கள்

தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமானது. பல வீடுகளில் அதற்காகத் தோண்டிய குழி இன்று மண்மூடிக் கிடக்கிறது. சில நாள்களிலேயே மழை கொட்டித் தீர்த்துவிடும் காலத்தில் அடைத்த குழியால் என்ன பயன்? மழைக்கு முன், புரட்டாசியிலேயே மாடியைக் கூட்டுங்கள், குழியின் மேல் மணலை வாரி மாற்றுங்கள், ஜல்லியை அலசிப் போடுங்கள். 1,000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 900 லிட்டர் விழும். முதல் மழையை மட்டும் வெளியே விடுங்கள். தூசியும் காக்கை எச்சமும் அதில்தான் வரும். வாஷிங் மெஷின் தண்ணீரைக் குழிக்குள் திருப்பவே வேண்டாம்.

பழைய கிணற்றை இடிபாடு கொட்டி மூடாதீர்கள். வடிகட்டிய மழைநீரை இறக்க அதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

கடலோர வீட்டில் தண்ணீர் கரிக்கத் தொடங்கினால் போரை ஆழமாக்காதீர்கள், பெரும்பாலும் உப்புத்தான் ஏறும். மோட்டார் ஓடும் நேரத்தைக் குறையுங்கள்.