குடும்ப வருமானமும் குழந்தை நலனும்

வருமானம் குறையக் குறைய, குடும்பச் செலவில் உணவின் பங்கு கூடும் என்பதை ஜெர்மானியப் புள்ளியியல் அறிஞர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857-இல் எடுத்துக்காட்டினார். எஞ்சும் சிறு தொகையிலிருந்தே கல்வி, மருத்துவம், வாடகை ஆகிய யாவும் ஈடுசெய்யப்பட வேண்டும்.

வருமானத்தின் அளவைப் போன்றே அதன் ஒழுங்கும் முக்கியமானது. மைசூருவில் வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றியும் ஊதுபத்தி உருட்டியும் வாழும் பெண்கள், எண்ணிக்கைக்கேற்பக் கூலி பெறுவோர். வேலையில்லாத வாரத்தில் கூலியும் இல்லை. அப்போது முதலில் குறைவது குழந்தையின் பாலும் முட்டையுமே; அடுத்து, மூத்த பெண்ணின் படிப்பு தடைப்படுகிறது.

30-8-2023 அன்று மைசூருவில் தொடங்கப்பெற்ற 'கிருஹலட்சுமி' திட்டம் இக்குறையை நோக்கியதாகும். குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்கில் மாதம் 2,000 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24,000 ரூபாய் செலுத்த இது வகை செய்தது. வருமான வரி செலுத்தும் குடும்பங்கள் இதில் சேரா. பிரேசில் நாடு 2003-இல் தொடங்கிய 'போல்சா ஃபமிலியா' திட்டம், குழந்தைகளின் பள்ளி வருகையை நிபந்தனையாக்கியது. கர்நாடகமோ தொகையைச் செலவிடும் முடிவைத் தாயிடமே விட்டது.

எனினும், பணம் மட்டும் போதாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கே இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. அதன் பின்னர், பிள்ளை ஈட்டக்கூடிய கூலியை இழப்பதே ஏழைக் குடும்பத்திற்குக் கல்வியின் உண்மையான விலையாகிறது. உதவித்தொகை குறித்த நாளில் தவறாது வந்தால்தான் அவ்விழப்பைத் தாங்கும் துணிவு அக்குடும்பத்திற்குப் பிறக்கும். தாமதமாகும் தொகை கடனை அடைக்கலாம். விட்டுப்போன படிப்பை மீட்டுத் தராது.