பழனியிலிருந்து மூணாறு: எந்த மலைப்பாதையில போறது?



பழனி தரிசனம் முடிச்சதும் அப்படியே மலையைத் தாண்டி மூணாறு போகணும்னு நிறைய பேர் ரூட் கேக்குறீங்க. கூகுள் மேப் எது சீக்கிரம்னு மட்டும்தான் பார்க்கும். நாம மூணு கேள்வி கேட்டுப் பார்ப்போம்.

1. ரோடு திறந்திருக்கா?
மேப்ல கொடைக்கானலும் மூணாறும் பக்கத்துல தெரியும். ஆனா பேரிஜம், டாப் ஸ்டேஷன் வழியா இருந்த பழைய ரோடு காட்டுக்குள்ள மூடிக் கிடக்கு. கொடைக்கு ஏறினா திரும்பக் கீழே இறங்கித்தான் மூணாறு போகணும்.

2. வழியில என்ன பார்க்கலாம்?
உடுமலை, சின்னாறு, மறையூர் வழி சுமார் 120 கி.மீ. சின்னாறு மழை மறைவுப் பகுதி, அதனால முதல்ல வறண்ட முள்காடு. அப்புறம் மறையூர்ல சந்தனமரம், கரும்புத் தோட்டம், வெல்லம் காய்ச்சுற வாசனை. அதுக்கு மேல தேயிலை. மூணாறுக்குக் கொஞ்சம் முன்னாடி இரவிகுளம், 2,695 மீட்டர் ஆனைமுடி. 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற நீலக்குறிஞ்சி அங்க 2018-ல பூத்தது. குறிஞ்சி நிலத் தெய்வம்னு நாம கும்பிடுறவனோட நிலம் எப்படி இருக்கும்னு ஒரே நாள்ல பார்த்துடலாம்.

போடி வழியில 17 கொண்டை ஊசி வளைவு, ஏலக்காய்த் தோட்டம், பின்னாடி திரும்பினா தேனி சமவெளி. பழனியிலிருந்து போக இது சுத்து. மதுரைப் பக்கம் ஊர் திரும்புறவங்க இறங்குறதுக்கு இதை வெச்சுக்கலாம்.

3. கார்ல இருக்கிற பாட்டிக்கு இது தாங்குமா?
வண்டி ஓட்டுறவரோட தெம்பை வெச்சு முடிவு பண்ணாதீங்க. வயசானவங்க, குழந்தைங்க இருந்தா வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு ஏற வேண்டாம். அடிக்கடி நிறுத்துங்க. சின்னாறுல யானை நடமாட்டம் உண்டு. யானையைப் பார்த்தா தள்ளியே நிறுத்துங்க. ஹாரன், போட்டோ எதுவும் வேண்டாம். இறங்கும்போது பிரேக்கையே மிதிச்சுட்டு வந்தா அது சூடாகிப் பிடிக்காமப் போயிடும். ஏறின கியர்லயே இறங்குங்க. ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க.

என்னோட முடிவு: காலையில தரிசனம் முடிஞ்சா சின்னாறு வழி, வெளிச்சத்துலயே மூணாறு. தரிசனம் முடிய சாயங்காலம் ஆயிடுச்சா, அன்னைக்கு ராத்திரி பழனியிலேயே தங்கிடுங்க. ஒரு நாள் லீவு போனா போகட்டும், கூட்டிட்டுப் போன எல்லாரையும் பத்திரமா வீட்டுல சேர்க்கணும்.

இந்த வாரம் கிளம்புற நண்பர்களுக்கு இதை அனுப்பி வைங்க. முருகா சரணம்!