சுற்றுச்சூழல் அறிவியலா, பொறியியலா? முக்கியக் குறிப்புகள்

• பி.எஸ்சி. 3 ஆண்டுகள், பி.இ. 4 ஆண்டுகள். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. பிளஸ் 2-வில் கணிதம் இல்லையென்றால் அறிவியல் பக்கம்தான் வழி.

• இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் திருப்பூரில் கண்கூடாகப் பார்க்கலாம். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்து ஒரத்துப்பாளையம் அணை கெட்டது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரில் கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் வரம்பைத் தாண்டுகிறதா, கிணற்று நீரும் வயல் மண்ணும் என்ன ஆயின என்று கண்டறிவது அறிவியல். அதே நீரை உயிரியல் தொட்டி, ஆர்.ஓ., எவாப்பரேட்டர் என்று படிப்படியாகச் சுத்திகரித்து, பட்டறைக்கே திருப்பி அனுப்பும் நிலையத்தை வடிவமைப்பது பொறியியல்.

• பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) இரு படிப்பிலும் வரும். இந்தியாவில் 27 டிகிரி செல்சியஸில் 3 நாள் வைத்து அளப்பார்கள். ஆறு, ஏரியில் விடும் கழிவுநீருக்கு வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம். அறிவியல் மாணவர் அந்த எண்ணை வைத்து நீரில் வாழும் உயிர்களின் நிலையை ஆராய்வார். பொறியியல் மாணவரோ தொட்டியின் கொள்ளளவையும் காற்று செலுத்தும் அளவையும் கணக்கிடுவார். இந்த இரண்டில் எது உங்களை ஆர்வத்தோடு உட்கார வைக்கிறதோ, அதையே எடுங்கள்.

• பலர் தவறவிடும் விதி: இந்திய வனப் பணிக்குத் தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல் (ஜியாலஜி), கால்நடை அறிவியல் ஆகியவற்றில் ஒன்றைப் பாடமாகக் கொண்ட பட்டம் வேண்டும், அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம். 'சுற்றுச்சூழல் அறிவியல்' இந்தப் பட்டியலில் தனியாக இல்லை. ஆகவே இளநிலையில் வேதியியலோ தாவரவியலோ படித்து, எம்.எஸ்சி.யில் சுற்றுச்சூழலுக்கு வருவதே பாதுகாப்பான வழி என்பது என் உறுதியான கருத்து.

• பொறியியல் பக்கமும் இதே கதைதான்: பி.இ. சிவில், பிறகு எம்.இ. சுற்றுச்சூழல் பொறியியல். யு.பி.எஸ்.சி. பொறியியல் பணித் தேர்வில் சுற்றுச்சூழலுக்குத் தனிப் பிரிவு கிடையாது; சிவில் தாளுக்குள் வரும்.

• தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்: தொடங்கியது 1982. உதவிப் பொறியாளர், சுற்றுச்சூழல் விஞ்ஞானி இரண்டும் தனித்தனிப் பதவிகள். விஞ்ஞானி பதவிக்கு முதுநிலை அறிவியல் பட்டம் தேவை, வெறும் பி.எஸ்சி. போதாது.

• கேட் (GATE) தேர்வில் 'சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியல்' தாள் 2021 முதல். யு.ஜி.சி. நெட் (NET) தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியலின் குறியீடு 89.

• நீர்ச் சட்டம் 1974, காற்றுச் சட்டம் 1981, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986. தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி), நாக்பூர்: தொடங்கியது 1958.

• பிளஸ் 2-வில் கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகள், பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர விண்ணப்பிக்கலாம்.